பேருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

— லைப்ரரியை ஒரு மணிக்குப் பூட்டிருவீங்களா மேடம்?

— பூட்டுவோம்க்கா. பொறுங்க, இன்னும் நேரமிருக்கு. நாற்காலியில முள்ளா இருக்கு, இப்படி எழுந்து எழுந்து உட்கார்றீங்க?

— சனிக்கிழமை எங்க வீட்டை இடிக்கிறாங்க. என் தம்பி கோவிச்சுட்டுப் போய் ஒன்பது வருஷம். அவனுக்குத் தெரிஞ்ச விலாசம் அது ஒண்ணுதான். வந்து நின்னா வெறும் மண்ணுதான் இருக்கும்.

— அதான் கம்ப்யூட்டர்ல தேடுறோமே. அவர் பேரை அடிச்சா அதே பேர்ல இருக்கிற பாடகர்தான் வந்து நிக்கிறார். பொறுங்க, 'பாட்டு'க்கு முன்னால ஒரு கழித்தல் குறி. பார்த்தீங்களா, மனுஷன் ஒரு கோட்டுல போயிட்டார். எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு போடலாம்.

— இன்னும் இவ்வளவு பேர் இருக்காங்களே மேடம்.

— பேரை மேற்கோள் குறிக்குள்ள அடைச்சா, அச்சு அசலா அப்படியே எழுதினது மட்டும் வரும். இனிஷியல் சொல்லுங்க.

— 'க'. அப்பா பேரு.

— ஒருத்தர்கூட இல்ல.

— நான் போன்ல தேடினாலும் இதேதான்.

— போகும்போது என்ன சொன்னார்?

— அப்பாவோட சண்டை. 'உங்க எழுத்து இனிமே என் பேருக்கு முன்னால இருக்காது'ன்னான். கோவத்துல ஆயிரம் சொல்லுவான் மேடம், அதைப் போய்...

— அக்கா, இதை இவ்வளவு நேரமும் வாய்க்குள்ளயே வச்சிருந்தீங்களா? பொறுங்க. 'க' இருந்த இடத்துல நட்சத்திரக் குறி. எந்த எழுத்தா இருந்தாலும் இழுத்துட்டு வந்துரும். என்ன வேலை தெரியும் அவருக்கு?

— லிஃப்ட் ரிப்பேர் பழகிட்டிருந்தான்.

— அதையும் சேர்த்துக்கிறேன்... ஒருத்தர் இருக்கார். லிஃப்ட் மெக்கானிக் சங்கத்துப் பட்டியல். வயசு முப்பத்தொண்ணு.

— அவனுக்கும் அதேதான்.

— போன் நம்பர்கூட இருக்கு. ஆனா இனிஷியல் 'ம'. உங்க அம்மா பேரா?

— அம்மா பேரு 'சீ'யில ஆரம்பிக்கும். அவன் தொட்டில்ல கிடக்கும்போதே போயிட்டாங்க. நான்தான் தூக்கி வளர்த்தேன்.

— அப்போ இவர் வேற யாரோ. இந்த 'ம'வையும் கழிச்சுட்டு மறுபடி தேடிப் பார்க்கிறேன்.

— கொஞ்சம் பொறுங்க மேடம்.

— அக்கா? மணி ஆகுது. கழிச்சுரவா?

— கழிக்காதீங்க மேடம்.

— ஏன்?

— அது என் பேரோட எழுத்து.