பத்தடிக்குள் நின்ற கல்

நகரியத்தில் எல்லோராலும் 'பஞ்சர்க்காரர்' என்று அழைக்கப்படும் ஐம்பத்து நான்கு வயதான நான், இரண்டாம் குறுக்குத் தெரு முனையில் டயர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்து, கடைக்குப் பின்னால் உள்ள அறையில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். இன்று காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு அழைக்கப்பட்டு ஆஜராகிச் சொல்வதாவது:

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு லாரி ரிவர்ஸில் வந்து என் கடை ஷட்டரை இடித்தது. இனிமேலும் இடி வாங்கக் கூடாது என்று, இடிக்கப்பட்ட ஒரு வீட்டின் வாசற்படிக் கல்லைக் கேட்டு வாங்கி, நானும் என் மச்சானும் கடை முன்னால் குழி தோண்டி நட்டோம். அதன் பிறகு ஸ்க்ரூடிரைவர்களை எல்லாம் அந்தக் கல்லில்தான் தேய்த்துத் தீட்டி வந்தேன், அதில் கோடு கோடாக விழுந்துவிட்டது.

சென்ற மாதம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு நிபுணரை அழைத்துவந்தார். நிபுணர் மண்டியிட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இது நானூறு வருடத்து எல்லைக்கல், இதில் இருப்பவை அந்தக் காலத்து எழுத்துகள் என்றார். "சார், அது நான் ஸ்க்ரூடிரைவர் தீட்டின கோடு" என்றேன். "உங்களுக்கு வரலாறு தெரியாதுங்க, நீங்க டயரப் பாருங்க" என்று செயலாளர் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் தீட்டிய கோட்டையும் சேர்த்தே போட்டோ எடுத்தார்கள்.

அதன் பிறகு கல் அருகே வரலாறு எழுதிய இரும்புப் பலகை நட்டு விழா எடுத்தார்கள். நாடா வெட்ட என் டியூப் வெட்டும் கத்தரிக்கோலை வாங்கிப் போனவர்கள் இதுவரை திருப்பித் தரவில்லை. அதையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் நகரிய அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பழமைச் சின்னத்துக்குப் பத்தடிக்குள் கட்டடம் இருக்கக் கூடாதாம், ஏழு நாளில் கடையைக் காலி செய்ய வேண்டுமாம். கல்லுக்கும் கடைக்கும் நாலடி. வேறு பிழைப்பு தெரியாது ஐயா. செயலாளர் வீட்டுக்கு மூன்று தடவை நடந்தேன். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். என் மனைவி, "நட்டது நீங்கதானே? அப்ப புடுங்குறதும் நீங்கதான்" என்றாள்.

நோட்டீஸ் வந்த ஏழாம் நாள் பகல் பதினோரு மணிக்கு, லாரி ஜாக்கி வைத்துக் கல்லைக் கிளப்பி, மச்சானின் மினி லாரியில் ஏற்றி, செயலாளர் வீட்டு வாசலில், அவருடைய புதுக் கார் ஷெட்டுக்கு மூன்றடி தள்ளி நட்டு, சிமெண்ட் போட்டு, பலகையையும் பக்கத்தில் நட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். தெருவில் யாரும் தடுக்கவில்லை. இரண்டு பேர் கல்லோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் கல்லைத் திருடியதாகச் செயலாளர் கொடுத்த புகார் உண்மையல்ல. திருடுகிறவன் எவனாவது புகார்தாரர் வாசலிலேயே கொண்டுபோய் நடுவானா?

இந்த வாக்குமூலம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே செயலாளர் மூச்சு வாங்க நிலையத்துக்கு வந்து, கார் ஷெட்டை இடிக்கச் சொல்லித் தமக்கும் நோட்டீஸ் வந்திருப்பதாகச் சொல்லி, "சார், அது வெறும் வாசப்படிக் கல்லுதான், நான் நல்லா விசாரிச்சுட்டேன்" என்றார். அதை அவர் தம் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் கல்லை எடுத்துப் போக எனக்கு ஆட்சேபணை இல்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

மேலே கண்டதை வாசித்துக் காட்டக் கேட்டேன், நடந்தது நடந்தபடியே இருக்கிறது. கல்லின் வயது விஷயத்தில் மட்டும் செயலாளர் கடைசியாக எழுதிக் கொடுப்பதையே எடுத்துக்கொள்ளவும்.

(ஒப்பம்)
பஞ்சர்க்காரர்