கையை நீட்டுங்க

— கையை நீட்டுங்க, டிரைவரண்ணே.

— நான் யார் மேலயும் கை நீட்டல சிஸ்டர்!

— கட்டுப் போடத்தான் நீட்டச் சொன்னேன்.

— ஓ... அதுவா. இந்தாங்க.

— மெதுவா. சுண்டுவிரலுக்குக் கீழ எலும்பு உடைஞ்சிருக்கு. எப்படி ஆச்சு?

— பஸ் கதவுல மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான்.

— கதவுல மாட்டினா தோல் கிழியும், நகம் கறுக்கும். இது கையை மடக்கிக் குத்தினா உடையிற இடம். இந்த ரூமுக்கு வர்றவங்க எல்லாரும் கதவு மேலதான் பழியைப் போடறாங்க. பாவம், அதுக்கு வாயில்ல.

— கிண்டலா? சரி, சுவர். கோவத்துல சுவத்துல குத்தினேன். அவ்வளவுதான்.

— சுவருக்கு முன்னாடி யாரு நின்னாங்க?

— என்ன கேள்வி சிஸ்டர் இது?

— சொல்லலேன்னாலும் கட்டுப் போடுவேன். கையை ஆட்டாதீங்க.

— வீட்டுக்காரி. ஆனா அவ நகர்ந்துட்டா. மேல படல.

— ம்.

— இதையெல்லாம் பொம்பளைங்ககிட்டதானே கேப்பீங்க?

— இத்தனை வருஷமா அவங்களைத்தான் கேட்டேன். படியில விழுந்துட்டேம்பாங்க. மருந்து போட்டு அனுப்புவேன், திரும்ப வருவாங்க. அலுத்துப் போச்சுண்ணே. குத்தின கையும் இங்கதான் வருது, அதை யாரும் கேக்கறதில்லையேன்னு இப்பத்தான் எங்களுக்கு உறைச்சுது.

— போலீஸுக்குச் சொல்லிடுவீங்களா?

— ஒருத்தர் உசுருக்கு ஆபத்துன்னா மறைக்க மாட்டேன். முன்னாடியே சொல்லிடறேன். அடிக்கிற கையை நிறுத்தணும்னு நினைக்கிறவங்களுக்கு மாடியில ஆலோசகர் ஒருத்தர் இருக்காரு, திட்டாம பேசுவாரு. வீட்ல வேற யாரு?

— பொண்ணு. ஸ்கூலுக்குப் போயிருக்கா.

— அவ பாத்தாளா?

— தெரியல... காலையில பையை மாட்டிவிடலாம்னு கையை நீட்டினேன். ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிட்டா சிஸ்டர்.

— நீங்களும் அப்படித்தான் பதறினீங்க, நான் நீட்டுங்கன்னு சொன்னப்ப.

— கட்டு முடிஞ்சுதா சிஸ்டர்?

— முடிஞ்சுது. நனையாம பாத்துக்கங்க. வீட்டுக்குப் போகலாம்.

— போகல.

— ஏண்ணே?

— வீட்டுக்காரி நகரல சிஸ்டர், குத்து அவ மேலதான் பட்டுச்சு. தலையைச் சுத்துதுன்னு படுத்தவளை அப்படியே விட்டுட்டு வந்தேன். விலாசம் சொல்றேன், உடனே ஆம்புலன்ஸ் அனுப்புங்க. போலீஸ் வர்ற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன்.