எல்லாரும் படுத்தால்தான் விடியும்

உட்காருங்கள். அந்த நாற்காலியின் ஒரு கால் கொஞ்சம் ஆடும், சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது. தையல் மெஷின் மேல் கிடப்பதை மட்டும் நகர்த்த வேண்டாம். அதெல்லாம் கடையிலிருந்து வந்த துணி, நாளைக்குள் இடுப்பு பிடித்துக் கொடுக்க வேண்டும். தம்பி உங்களிடம் கொடுத்த புகாரில் பொய் எதுவும் இருக்காது. சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பொய் வராது. வீட்டில் அந்த வேலை என் பொறுப்பு.

ஆனால் கோபத்தில் எழுதியிருப்பான், முன்னும் பின்னுமாக இருக்கும். நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. மண், கல், மரம் எல்லாம் சதுரம் சதுரமாக இருக்கும். எடுத்து அடுக்கி என்ன வேண்டுமானாலும் கட்டலாம். ஜெயிப்பது, தோற்பது என்று ஒன்றும் கிடையாது. தம்பி படிக்கிற காலத்தில் கொண்டுவந்தான். அதற்கு வேறு பெயர் உண்டு, எங்கள் வீட்டில் 'கட்டி' என்போம். அப்போது அதில் புல், கல், மேலே வானம், அவ்வளவுதான். இரவுகூட வராது. இதில் என்னடா இருக்கிறது என்று கேட்டேன். "கட்டிப் பாருக்கா, தெரியும்" என்றான். நான் கட்டவில்லை. அம்மா கட்டினாள்.

அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவள். முக்காலியில் உட்கார்ந்தபடியே பாதி ஆயுசை மேலும் கீழுமாகக் கழித்தவள். அதனாலோ என்னவோ, அவள் கட்டிய வீட்டில் அறைகளைவிடப் படிக்கட்டுதான் அதிகம். படி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

"மேல என்னம்மா இருக்கு?" என்பான் தம்பி.

"ஏறிப் பாரு. கால் என்ன தேஞ்சா போயிடும்?"

மேலே ஒரே ஒரு விளக்கு இருக்கும். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

பிறகு அப்டேட்டுகள் வர ஆரம்பித்தன. முதலில் இரவு வந்தது. இரவோடு இருட்டில் திரிகிற ஜந்துக்கள் வந்தன. அவற்றிடமிருந்து தப்பிக்கக் கட்டில் வந்தது. கட்டிலுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அந்த உலகத்துக்குள் இருக்கிற எல்லாரும் படுத்தால்தான் விடியும். ஒருவர் நின்றுகொண்டிருந்தாலும் இருட்டு இருட்டுதான். அம்மா லேசில் படுக்க மாட்டாள். இங்கே இருட்டாக இருக்கிறது, அங்கே இருட்டாக இருக்கிறது என்று விளக்கு வைத்துக்கொண்டு அலைவாள். பக்கத்து அறையிலிருந்து தம்பி கத்துவான், "வந்து படும்மா, விடியணும்." அவர்கள் இருவருக்கும் அது தினப்படிக் கூத்து. எனக்கு அங்கே கட்டில் கிடையாது. நானும் கேட்டதில்லை.

பசி வந்தது, வயல் வந்தது, ஆடு மாடு வந்தது. அதற்குள் தம்பி தூரதேசத்தில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராகப் போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கே தங்குவதற்கான அவனுடைய பேப்பர் முடிகிற வரைக்கும் நாட்டை விட்டு நகரக் கூடாது, நகர்ந்தால் திரும்ப விட மாட்டார்கள். ஆனால் கட்டிக்கு எல்லை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் அங்கிருந்து வருவான், அம்மா இங்கிருந்து போவாள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கை போயிற்று, பேச்சு போயிற்று, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. போனில் பேச வழியில்லை. வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். பெற்ற பிள்ளை தன்னை அந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். மிச்சம் இருந்தது இடது கை. அதை வைத்து டேப்லெட்டில் கட்டி விளையாடினாள். அந்த நேரம் பார்த்து ஒரு அப்டேட் வந்தது. விளையாட்டுக்குள் நடமாடுகிற நம் பொம்மை எந்தக் கையில் பொருளைப் பிடிக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். அம்மா தன் பொம்மைக்கு இடது கையைக் கொடுத்தாள். தம்பி உடனே கவனித்துவிட்டான். 'உன்ன மாதிரியே இருக்கும்மா' என்று எழுதினான். அம்மா பாதி வாயால் சிரித்தாள்.

சில வாரம் 'அக்கா எங்கே?' என்று கேட்பான். 'தைக்கிறா' என்று அம்மா தட்டுவாள். என்னைப் பற்றிய பேச்சு அத்தோடு முடியும். குறையாகச் சொல்லவில்லை. நான் தைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

போகப் போக அம்மாவின் விரல் சோர்ந்தது. அவள் எழுத்தைக் காட்டுவாள், நான் தட்டுவேன். பிறகு அவள் காட்டும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். பிறகு அவள் தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நானே அவள் பொம்மையை நடத்தி விளக்கு வைத்தேன். பிறகு அவள் பார்க்காமல் கண்ணயர்ந்தாலும் வைத்தேன். அந்த விளையாட்டும் இப்படித்தான் வளர்ந்தது. எந்த அப்டேட்டில் அது வேறு விளையாட்டாக ஆயிற்று என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

அவன் அம்மாவிடம் பேசுகிற பேச்சே வேறு. குளிரில் விரல் விறைத்துப்போவது, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது, ஒரு பெண்ணைப் பிடித்திருப்பது, எல்லாம் சொல்வான். ஒரு நாள் 'சாப்பிட்டியாம்மா?' என்று கேட்டான். அம்மாவுக்கு ஊட்டிவிட்டிருந்தேன். நான் சாப்பிடவில்லை. 'இல்ல' என்று என் கை தட்டிவிட்டது. 'போய்ச் சாப்பிட்டுட்டு வா. நான் இங்கயே நிக்கறேன்' என்றான். நான் எழுந்து போய்ச் சாப்பிட்டேன். திரும்பி வந்தபோது அவன் பொம்மை படிக்கட்டின் அடியில் அப்படியே நின்றது. எனக்காக ஒருவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மழை ஓய்கிற சமயத்தில் அம்மா போய்விட்டாள். டாக்டர் வந்து பார்த்தார். சான்றிதழ் வாங்கினேன், இறப்பைப் பதிந்தேன், அடக்கம் முறைப்படி நடந்தது. எதையும் மறைக்கவில்லை, நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். ஒருத்தனுக்குத்தான் சொல்லவில்லை. சொன்னால் போட்டது போட்டபடி ஓடிவருவான். என்னால் அவன் பிழைப்பு கெடக் கூடாது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவன் வழக்கம்போல வந்தான். அந்தக் கட்டிலில், அவள் இடத்தில் உட்கார்ந்து, நான் டேப்லெட்டை எடுத்தேன்.

நடிப்பது கஷ்டமாக இல்லை. தெரிந்ததைத் தெரியாத மாதிரி காட்டுவதுதான் கஷ்டம். ஒரு அப்டேட்டில் தேனீ வந்தது. அதை எப்படி வளர்ப்பது என்று முன்கூட்டியே படித்து வைத்திருந்தேன். இருந்தாலும் 'இது என்ன பூச்சி?' என்று கேட்டேன். அவன் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொடுத்தான். இன்னொரு அப்டேட்டில் கட்டில் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். இனி எல்லாரும் படுக்க வேண்டியதில்லை, ஒருவர் படுத்தாலே விடியும். அவன் அந்தப் புது வசதியை அணைத்து வைத்தான்.

'எதுக்குடா?' என்று கேட்டேன்.

'உனக்காகக் காத்துக்கிட்டிருந்து பழகிப்போச்சும்மா.'

அன்றைக்கு அம்மாவை மாதிரியே எல்லா மூலைக்கும் விளக்கு வைத்துவிட்டு, கடைசியில் போய்ப் படுத்தேன். விடிந்தது. டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. எனக்கு அம்மா இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மாட்டிக்கொண்டது போன மாத அப்டேட்டில். பெரிய அப்டேட். எல்லாருடைய செட்டிங்ஸையும் அது பழையபடி ஆக்கிவிட்டிருந்தது. ஒரு சட்டைக் கைக்கு மடிப்புத் தைத்துவிட்டு அவசரமாக உள்ளே போனேன், கவனிக்கவில்லை. அம்மாவின் பொம்மை வலது கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தம்பியின் பொம்மை கிட்டே வந்து நின்றது. பிறகு எழுத்து வந்தது.

'அம்மா. வலது கை?'

அப்டேட் செய்த கோளாறு என்று எழுதியிருக்கலாம், அவன் நம்பியிருப்பான். ஆனால் அவன் அதற்குள், 'சரியாயிடுச்சா? தூக்க முடியுதா?' என்று எழுதிவிட்டான். எனக்கு மனசு வரவில்லை.

'ஆமாம் கண்ணா' என்றேன்.

அவன் பொம்மை படிக்கட்டில் மேலும் கீழுமாகக் குதித்தது. இறங்கிற்று, ஏறிற்று, மறுபடியும் குதித்தது. மறுவாரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றான். கையில் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை இருந்தது. அவளுக்கு இனி இரண்டு கைக்கும் வேண்டியிருக்குமாம்.

"அம்மா எங்கக்கா?"

சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். அவன் கட்டிலின் கீழே தரையில் உட்கார்ந்தான்.

"எப்போ?"

"மழை விட்டப்போ."

மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டான். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அதுக்கு ரொம்ப முன்னாடியே எனக்குப் பேப்பர் வந்துடுச்சே. அன்னைக்கே கட்டிக்குள்ள வந்து அம்மாகிட்ட சொன்னேனே. டிக்கெட் போடட்டுமான்னு கேட்டேனே. 'அவசரம் இல்ல, மெதுவா வா'ன்னு அம்மாதானே சொன்னா?"

நான் கையுறையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன்.

"அக்கா, அது யாரு?"

நான்தான் என்றேன். அம்மா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப மனமில்லை, எழுந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன், மறந்துபோயிற்று என்றேன். அவன் புகாரில் அப்படித்தான் எழுதியிருப்பான். அவன் எழுதியதில் தப்பாக இருப்பது அந்த ஒன்றுதான். அதுவும் என் தப்பு. இதை நீங்கள் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். என் தோள் பக்கமாகச் சாய்ந்து, அவன் எழுதியது ஒவ்வொரு வரியாக வரவரப் படித்தாள். 'பேப்பர் வந்துடுச்சும்மா, வரட்டுமா?' என்று வந்ததும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அவளுக்கு வந்த ஒரே சத்தம் அதுதான், அதை நான் இப்போதும் கேட்கிறேன். இடது கையைத் தூக்கி டேப்லெட்டைப் பிடிக்கப் பார்த்தாள். விரல் அதன் ஓரத்தில் பட்டுவிட்டது. நான் எழுந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு, அவளுடைய அசையாத வலது கைப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்துதான் பதிலைத் தட்டினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோர்ந்துபோன விரல், அதற்கு வீணாகச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்றுதான்.