கொட்டை எடுக்காத பஞ்சு

தேனி ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் பஸ்ஸை ஒட்டி நின்ற அம்பாசடர் காரின் பின்கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் இறங்கினார். முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், அவர் கணவர். போடியில் இலவம்பஞ்சு வியாபாரி என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"கொட்டையோட பஞ்ச அள்ளி சீட்டுக்குள்ள அடைச்சு வச்சிருக்கீகளே, நீங்க மனுசனா?"

"புதுசுல அப்படித்தான் குத்தும். ஓட ஓட அமுங்கிரும்."

"ஊருக்கெல்லாம் கொட்டை எடுத்துச் சுத்தமா விக்கிறீக. வீட்டுக்காரிக்கு மட்டும் கழிச்சுப்போட்ட பஞ்சா? போடியில ஏறுனதுலருந்து இடுப்பு விட்டுப்போச்சு. மாசமா இருக்க மகள மதுரையிலருந்து இதுல வச்சா கூட்டியாரப் போறீக?"

"நல்ல பஞ்சு யாவாரத்துக்கு வேணும்ல? ரோட்டுல நின்னு கத்தாத, ஏறு."

அம்மாள் ஏறவில்லை. முன்கதவைத் திறந்து, அவர் உட்கார்ந்திருந்த சீட்டின் ஓரத்தை அமுக்கிப் பார்த்தார். கை புதைந்தது.

"ஓகோ! இதுல மட்டும் கொட்டை இல்லையோ?"

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள்.

"எறங்குங்க. பின்னால போய் உக்காருங்க."

ரயில் போய், கேட் திறந்தது. பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் இறங்கிப் பின்சீட்டுக்குப் போனார். அம்மாள் முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கார் தண்டவாளத்தில் ஏறிக் குலுங்கியது.

"ஏலே, மெல்லப் போடா!" என்று பின்சீட்டிலிருந்து ஓர் அலறல்.

"நீ வெரசாப் போப்பா," என்றார் அம்மாள். "ஓட ஓட அமுங்கட்டும்."