உள்ள பாரத்தைக் கேட்ட மேஸ்திரி

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மருத்துவர் அம்மா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பட்டறைச் சங்க நிர்வாகிகளே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அண்ணன் பெற்ற மகளே, கிரீஸ் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வந்திருக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் மேடையில் பேசிப் பழகியவன் இல்லை. பதினெட்டு வருடமாக மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே சொற்பொழிவு, "யோவ், ஓரம் போய்யா" என்பதுதான். ஆனாலும் ஸ்பிரிங் மேஸ்திரியாக நாற்பது வருடம் உழைத்த நம் நிதானம் அண்ணனைப் பற்றி நான் பேசாவிட்டால், அந்த வண்டியே என்னை மன்னிக்காது.

நாலு சக்கரமும் இழுக்கும் மலை ஜீப்பை அண்ணன் பட்டறைக்குள் விட்டால், அவர் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார். நம் முகத்தைப் பார்ப்பார். "என்ன பாரம் ஏத்துவே?" என்பார். நாம் என்ன சொல்வோம்? நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு டன் அண்ணே" என்போம். உண்மையில் ஏற்றுவது நாலு மூட்டையும் மாமியாரும். "அப்படியா? போய் அந்த ஒரு டன்ன ஏத்திக்கிட்டு வா" என்பார். எடை மேடைச் சீட்டைக் காட்டாமல் ஸ்பானரைத் தொடமாட்டார். இங்கே சிரிப்பவர்களில் எத்தனை பேர் அந்தச் சீட்டோடு அசடு வழிந்து நின்றவர்கள்?

நான் மட்டும் யோக்கியனா? ஆம்புலன்ஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் இடிக்கிறது என்று, அண்ணனிடம் போகாமல் ஒரு கடைக்குப் போனேன். இல்லாத பாரத்தைச் சொல்லி, இருப்பதிலேயே கெட்டியான, உயரமான ஸ்பிரிங்கைப் போட்டுக்கொண்டேன். வண்டி சிங்கம் மாதிரி நின்றது. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

அந்த வாரமே சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த ஒரு கொத்தனாரை ஏற்றி வந்தேன். கெட்டி ஸ்பிரிங் வளையவே இல்லை; ஒவ்வொரு கல்லுக்கும் கத்தினார். கடைசி அரை மணி நேரம் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இறக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் அண்ணனிடம் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஸ்ட்ரெச்சர்ல படு" என்றார். பட்டையைப் போட்டுக் கட்டினார். அதே பாதையில் அவரே ஓட்டினார். பத்தே நிமிடத்தில், "போதும் அண்ணே" என்று அலறினேன். "இருப்பா, இன்னும் பாதி வழிகூட வரல" என்றார்.

பிறகு என்னை, நர்ஸை, சிலிண்டரை, மருந்துப் பெட்டியை எல்லாம் ஏற்றி எடை போட்டார். நான் சொன்னதில் பாதிகூட இல்லை. அந்த எடைக்கேற்ற இளக்கமான ஸ்பிரிங், கூட ஆள் ஏறினால் தாங்குவதற்கு உள்ளே காற்றுப் பை, சூடேறினாலும் தளராத தடித்த ஷாக் அப்சார்பர். இன்னும் கொஞ்சம் உயர்த்தலாமே என்று கேட்டேன். "ரெண்டு விரல் போதும். அதுக்கு மேல ஒசத்துனா போட்டோவுக்கு அழகா இருக்கும், வளைவுல கவுந்துரும்" என்றார். வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரம் முழு எடையையும் தாங்கிய பிறகுதான் புஷ் என்கிற ரப்பர் வளையங்களின் போல்ட்டுகளை இறுக்கினார். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிடந்து சீக்கிரமே கிழிந்துவிடுமாம். எத்தனை பேர் இதற்குப் பொறுமையாக நிற்கிறார்கள்? அந்த வேலை பன்னிரண்டு வருடமாக உழைக்கிறது.

போன மாதம் மேலே மரக்கிடங்கில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. அங்கே ஒரு லாரியைப் பார்க்கப் போன நம் அண்ணன்தான் அது என்று, போய் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏற்றிக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் நர்ஸ் தடுக்கத் தடுக்க அண்ணன் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, "பின்னாடி எடப்பக்கம் புஷ் தட்டுது. பாத்துக்க" என்றார்.

"அண்ணே, பேசாம வாங்க."

"நீ ரோட்டப் பாரு."

அதன் பிறகு ஒன்பது நாள் இருந்தார். வெளியூர்ப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் மகள் ஓடி வந்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்பது நாளும் பேசித் தீர்த்தாள். அண்ணி அவருக்குக் கஞ்சி ஊட்டினார்கள். அந்த நாட்களைக் கொடுத்தது யார்? மருத்துவர் அம்மா கொடுத்தார்கள். அவர்களுக்குக் கோடி நன்றி. ஆனால் அவர்கள் கையில் அண்ணனை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது அண்ணனின் கைவேலை.

ஒரு குற்றத்தையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். அந்தப் புஷ்ஷை நான் மாற்றவில்லை. மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். அது தட்டும்போதெல்லாம் அண்ணன் பின்னால் இருக்கிற மாதிரியே இருந்தது. நேற்று அவர் மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

"சித்தப்பா, அப்பா சொல்லி எத்தன நாளாச்சு? உங்களுக்கு அது அப்பா குரல். அதுல படுத்து வர்றவங்களுக்கு அது வலி."

சாவியைக் கொடுத்தேன். நேற்று மாலையே மாற்றிவிட்டாள், வண்டியைத் தரையில் நிறுத்தி, பிறகு இறுக்கி.

பெரியோர்களே, அவள் வெளியூர்ப் பணிமனைக்குத் திரும்பப் போவதில்லை. பட்டறை நாளை வழக்கம்போல் திறக்கும். மலைக்கு வண்டி ஓட்டும் நாங்கள் அத்தனை பேரும் அவளுக்குத் துணை நிற்போம் என்று அண்ணன் படத்தின் முன்னால் உறுதி சொல்கிறோம்.

அண்ணே, இன்று காலை முதல் சவாரி. கால் எலும்பு முறிந்த ஒரு பெரியவரை மேலேயிருந்து கூட்டி வந்தேன். பாதி வழியிலேயே தூங்கிவிட்டார்.