மேஜருக்குத் தெரிந்த ஒரு தமிழ்ச் சொல்

எனக்கு நாய்கள் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. அப்பா மராத்தி பேசும் ஊருக்குப் பிழைக்க வந்து, கசார்வாடியில் லேத் ஓட்டிப் படிக்க வைத்தார். நான் எடுத்தது சைக்காலஜி. "அதைப் படிச்சா என்னம்மா வேலை கெடைக்கும்?" என்று கேட்டார். "மனுஷங்களைப் புரிஞ்சுக்கலாம்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். 2003இல் எனக்குக் கிடைத்தது, ஒரு கூரியர் கம்பெனியில் போனில் திட்டு வாங்கும் வேலை. படித்த படிப்பை இதுவரை ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தியிருக்கிறேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

வானவடியில் ஒரு வாடகை அறை. கூடவே சீனி. தெருவில் கிடந்தது, ஆட்டோ ஏறிப் பின்னங்கால் ஒன்று வளைந்துவிட்டது. வேறு நாய் கிட்டே வந்தாலே நின்ற இடத்தில் மூத்திரம் போய்விடும். காலையில் கயிற்றைப் பிடித்து ஓரமாகவே நடத்திப் போவேன்.

எதிரே மேஜர் வருவான். லாப்ரடார். வளர்த்தவர் சூர்யநாராயணன், ராணுவத்தில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். நாய்க்குத் தன்னைவிடப் பெரிய பதவி கொடுத்திருந்தார். கயிறு நாயின் கழுத்தில் இருக்காது, அவர் தோளில் மாலை மாதிரி கிடக்கும். மேஜர் பாய்ந்து வந்து சீனி மேல் விழுவான். அவர் தூரத்திலிருந்தே, "பயப்படாதம்மா, ஒண்ணும் பண்ண மாட்டான், விளையாடுறான்" என்பார்.

"எங்க நாய் விளையாடலை அங்கிள். கயிறு போடுங்க."

"உன் நாய்க்குப் பழக்கம் பத்தலை. நாலு நாயோட பழக விடணும்."

ஒருநாள், "அப்பா என்ன பண்றார்?" என்றார். சொன்னேன். "ஓ, லேத்தா" என்றார். பிறகு சீனியைப் பார்த்து, "வளர்ப்புன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார். எங்கள் இருவரில் யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பட்டதாரி, புரிந்துகொண்டேன்.

சீனி வெளியே வருவதை நிறுத்தியது. எல்லாம் அறைக்குள்ளேயே ஆயிற்று. மாதக் கடைசிக்குள் நாய் போகணும், இல்லாவிட்டால் நீ போகணும் என்று வீட்டுக்காரி மராத்தியில் சுருக்கமாகச் சொன்னாள்.

அந்தத் தெருவின் வளர்ப்பு நாய்களெல்லாம் இங்கிலீஷ் மீடியம். மேஜர் மட்டும் தமிழ் மீடியம். சுபேதார் "நில்லு" என்றால் ஆணி அடித்துவைத்த மாதிரி நிற்பான். அந்தச் சொல்லை அவர் மெயின் ரோட்டில் மட்டும்தான் சொல்வார், எங்களுக்காக வீணாக்கியதில்லை. "இந்த ஊர்ல வேற எவன் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான்" என்று பெருமைப்படுவார். அதையும் என்னிடம் தமிழில்தான் சொன்னார்.

மாருதி கோயில் திருப்பத்தில் மேஜர் முன்னால் ஓடிவந்துவிடுவான். சுபேதார் வந்து சேர மூன்று நிமிடம் ஆகும். சீனியை அறையில் விட்டுவிட்டு நான் அங்கே நின்றேன், கையில் வேகவைத்த கோழி ஈரலோடு. மேஜர் தலை தெரிந்ததும் "நில்லு" என்பேன். ஓடிவந்தால் ஒரு துண்டு. தள்ளிப் போய் மறுபடியும் "நில்லு". மறுபடியும் ஒரு துண்டு. அவர் ஒரு நாளைக்கு ஒரு தடவை, வெறுங்கையோடு சொன்னார். நான் ஐந்தாறு தடவை, ஈரலோடு சொன்னேன். பத்தொன்பது நாள். தீனி கொடுத்துப் பழக்கத்தை மாற்றுவது சைக்காலஜியில் ஒரு பாடம், அதில் பரீட்சையில் எனக்கு நாற்பத்தொரு மார்க். தியரியில் நான் எப்போதுமே மட்டம்.

நோக்கம் சின்னதுதான். நாலு பேர் எதிரில் மேஜர் சொல் கேட்காமல் ஓட வேண்டும். அவர் வெட்கப்பட்டுக் கயிறு போட வேண்டும்.

இருபதாம் நாள் மெயின் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். அங்கேதான் பால் பூத். எனக்குப் பால் வேண்டியிருந்தது. மேஜர் அந்தப் பக்கத்து ஓரத்துக்கு வந்தான். தண்ணீர் டேங்கர் ஒன்று வந்துகொண்டிருந்தது. "நில்லு" என்று ஒரு குரல் கேட்டது. மேஜர் வாலை ஆட்டிக்கொண்டு, என்னை நோக்கி, மிகவும் சந்தோஷமாக ஓடிவந்தான். பாதி தூரம் வந்தான்.

சுபேதாரின் மனைவி சரசா அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பானே என்பது அந்த அம்மாவின் கட்சி. நாலாம் நாள் அவர் என் அறைக்கு வந்தார். தோளில் கயிறு அப்படியே இருந்தது.

"நீ எதிர்லதானேம்மா நின்னே. நான் நில்லுன்னு சொன்னேன்ல? சொன்னதா எனக்கே ஞாபகம் இல்லை. ஆனா காதுல கேட்டுது."

"சொன்னீங்க அங்கிள். எனக்கும் கேட்டுது. அவன்தான் கேக்கலை."

"அவன் கேக்காம இருக்க மாட்டானே" என்றார்.

சீனி இப்போது தெருவின் நடுவிலேயே நடக்கிறது. அறையும் தப்பித்தது.

அவர் அன்று வாயையே திறக்கவில்லை. குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். சொன்னது நான். டேங்கரைப் பார்த்துப் பதறிப்போய், நாய் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றுதான் கத்தினேன். அந்த அவசரத்தில் அதற்கு வேறு தமிழ்ச் சொல் எனக்கு வரவில்லை. பால் வாங்கப் போனவள் கையில் ஈரல் எதற்கு என்று கேட்பீர்கள். பத்தொன்பது நாள் பழக்கம். கை தானாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டது.