ஒராளுக்குள்ளது

— இதுல ரெண்டு அயில மீனு கெடத்துனா வால் வெளியில நிக்குமே அண்ணாச்சி.

— நிக்கும். அது ஒராளுக்குள்ளது, தங்கச்சி. உள்ளதச் சொல்லணும்லா, நம்ம கடையில இதவிடச் சின்னது கெடையாது. இந்தா, கைப்பிடியப் பிடிச்சு ஒத்தக் கையில தூக்கிட்டுப் போயிரலாம். இந்தப் பக்கம் செண்டு டின் மாதிரி ஒண்ணு சொருகியிருக்கு பாருங்க, அதுதான் கேஸ். திருவுனா டிக்குன்னு பத்திக்கிடும்.

— நடுவுல இருக்கது?

— அது ரெண்டாளுக்கு. நாலு அயில தாராளமாக் கெடக்கும். மூடி உண்டு, மூணு பக்கமும் தகரத் தடுப்பு உண்டு, எண்ண சொட்டுகதுக்கு அடியில தட்டு உண்டு. அந்தால இருக்க பெருசு லாட்ஜ்காரங்களுக்குள்ளது. அதப் பாக்காண்டாம்.

— பெபி, நடுவுல உள்ளத எடுத்துருவோம். மார்க்கெட்டுக்குப் பூ வாற நேரம். அப்பா தனியா நிப்பாரு.

— நிக்கட்டும். மீன் சுட அடுப்பு வாங்க வந்துட்டு பூவ நெனச்சா எப்பிடி? நீங்கதான சொன்னிய, நானே கூட வந்து வாங்கித் தாறேன்னு.

— வந்துட்டேன்லா? பைய, பெபி, பைய. எதுக்கு மொறைக்க?

— கல்யாணமாயி எத்தன வருசம், தம்பி?

— ரெண்டு ஆவப்போவுது.

— அதான் மொறைக்காவ. எனக்க வீட்டுக்காரிக்கு இப்பம் அதுக்கும் நேரமில்ல. செரி, வீட்டுல எத்தன பேரு? அதச் சொன்னா அளவ நான் சொல்லிருவேன்.

— மாமனாரு, மாமியாரு, இவரு, நான். நாலு பேரு.

— அப்பம் பெருச எறக்கட்டா?

— வேண்டாம். வீட்டுல மீன் திங்கது நான் ஒருத்திதான். மத்தவிய மரக்கறி.

— எந்த ஊரு?

— தோவாளை. அது இவருக்க ஊரு. எனக்கு கொளச்சல்.

— அது பேச்சுலயே தெரியுதே. அயிலைய வச்சு அடுப்ப அளக்கதுக்கு வேற யாரு வருவா? ஆனா தோவாளைன்னா ஒண்ணு சொல்லணும். சின்னது அங்க நிக்காது.

— ஏன்?

— காத்து. ஆரல்வாய்மொழிக் காத்து அந்தப் பெரிய காத்தாடியளையே என்ன சுத்து சுத்துது, இந்தத் தீ எம்மாத்திரம்? எங்க வச்சு சுடப் போறிய?

— மோட்டார் ரூமுக்குப் பொறத்த, வாழைக்கு எடையில. அடுக்களைல மீன் ஏறப்படாது.

— அங்க மறைப்பு உண்டா?

— இல்ல. மழ பெய்தா ஒரு கையில கொட, ஒரு கையில கரண்டி.

— ஷீட்டு போட்டுத் தாறேன்னு சொன்னேன்லா, பெபி?

— எப்பம்?

— பைய.

— பாத்தியளா அண்ணாச்சி? இவருக்குக் கெழமையெல்லாம் அப்பிடித்தான். திங்கள், செவ்வாய், பைய.

— எதுக்கு வீட்டு வெசயத்தக் கடையில வச்சுப் பேசுக? அண்ணாச்சி சிரிக்காரு பாரு.

— சிரிக்கட்டும். அண்ணாச்சி, இத மாடிப் படிக்கட்டுல வச்சு சுடலாமா? வெளியில உள்ள படிக்கட்டு.

— காத்து மறைஞ்சு கெடந்தா சின்னதே போரும். அறைக்குள்ள மட்டும் வைக்கப்படாது. கதவ அடைச்சிட்டு சுட்டா ஆளு மயங்கி அங்கயே கெடப்பாவ. வெளையாட்டில்ல.

— நம்ம வீட்டுல ஏதுட்டீ மாடி?

— சும்மா கேட்டேன். தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லதுல்லா.

— அண்ணாச்சி, ரெண்டாளுக்குள்ளதையே பொதிஞ்சு கட்டுங்க. காத்துக்கும் அதுதான் நிக்கும்னு நீங்களே சொல்லிட்டிய.

— இருங்க. பொதியாண்டாம். ரெண்டாளுக்குன்னா, அந்த ரெண்டாவது ஆளு யாரு?

— யாரு? நாந்தான்.

— நீங்க திம்பியளா? மோட்டார் ரூமுக்குப் பொறத்த, எனக்க பக்கத்துல உக்காந்து, நாலு பேரு பாக்க?

— திங்கேன்.

— ஞாயித்துக்கெழம?

— ஞாயித்துக்கெழம எப்பிடி முடியும்? அன்னைக்கு அய்யாவழித் தாங்கல்ல கும்பிடப் போற நாளு. ஒனக்குத் தெரியாததா?

— இப்பம் தெரியும். அன்னைக்குத் தெரியாது. கேளுங்க அண்ணாச்சி, எங்க வீட்டுல ஞாயித்துக்கெழமன்னாதான் மீனு. பூச கண்டுட்டு வந்து மீனோ எறச்சியோ இல்லாமச் சோறு தின்னா அது ஞாயித்துக்கெழமையே இல்ல. கல்யாணமாயி வந்த முதல் ஞாயித்துக்கெழம, எல்லாரும் தாங்கலுக்குப் போயிருக்காவ. நான் வடசேரிச் சந்தைக்குப் போயி நல்ல அயிலையா வாங்கி, கொழம்பு வச்சு மூடி வச்சிட்டு நிக்கேன். கும்பிட்டுட்டுப் பசியோட வருவாவ, சந்தோசமாத் திம்பாவன்னு.

— அட கடவுளே.

— மாமியாரு ஒரு வார்த்த ஏசல. சட்டியத் துணி சுத்தித் தூக்கிட்டுப் போயி வாழத் தோப்புல வச்சாவ. வந்து அடுக்களையக் கழுவுனாவ. கழுவிக்கிட்டே அழுதாவ. ஏசியிருந்தா நான் வாங்கியிருப்பேன். அந்த அழுகைய என்ன செய்ய?

— அது எனக்கு இன்னும் காதுல கெடக்கு, பெபி. அம்ம அழுதா என்னால தாங்க முடியல்ல. நான் என்ன செய்யட்டும்?

— அன்னைக்கு நானும் அழுதிருக்கணும். அழல்ல. அதான் தப்பு.

— அம்ம ஒன்ன இன்னைக்கு வர ஒண்ணும் சொன்னதில்ல.

— அவியளப் பத்தி நான் கொற சொன்னேனா? அது அவிய விரதம். எங்கம்மையும் தவசு காலத்துல எறச்சி தொடமாட்டா. நான் கேக்கது ஒங்கள. அண்ணாச்சி, இவரு எங்க கோயில் திருநாளுக்குப் பூ கொண்டுட்டு வந்தவரு. எங்க வீட்டுல உக்காந்து ஆறு அயில தின்னாரு. முள்ளக்கூட சூப்பி வச்சாரு. இந்தப் பய நம்ம ஆளுதான்னு எங்கம்ம சொன்னா. அத நம்பித்தான் எங்கப்பா வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் கேக்காம எறங்கி வந்தேன். அப்பா இன்னைக்கு வர எங்கூடப் பேசல்ல. வீட்டுப் படி ஏறப்படாதுன்னுட்டாரு.

— நான் இப்பமும் திங்கேன்லா?

— திம்பிய. கூட்டாளியளோட வடசேரி ஓட்டல்ல. தின்னுட்டுப் பாக்கப் போட்டு மென்னுட்டு வீட்டுக்கு வருவிய. பக்கத்துல படுத்து மூச்சு விட்டா எனக்குத் தெரியாதா, தின்னது நெய்மீனா சாளையான்னு? நானும் அதே வடசேரியிலதான் தின்னேன். பஸ் ஸ்டாண்டுல. எங்கம்ம பொரிச்சு டப்பாவுல கொண்டு வருவா. கொளச்சல் பஸ்ஸு நிக்க எடத்துல, தூணுக்குப் பொறத்த நின்னு தின்னுட்டு, கொழாயில கையக் கழுவிட்டு தோவாளை பஸ்ஸு ஏறுவேன். புருசனும் பொண்டாட்டியும் ஒரே ஊருல ஆளுக்கொரு பக்கம் ஒளிஞ்சு நின்னு மீன் திங்கோம். எனக்க மாதாவே, நெனச்சா சிரிப்பா வருது.

— நான் வேணும்னா ஒரு சாய குடிச்சிட்டு வரட்டா, தம்பி?

— போவாதீங்க அண்ணாச்சி. சாட்சிக்கு ஆளு வேணும்.

— ஒனக்க அம்மைக்கு முட்டு வலி, பஸ்ஸு ஏற முடியல்லன்னு நீ சொன்ன. அதுக்குத்தான நான் வீட்டுல பேசி இதுக்கு வழி பண்ணுனேன்? அத மட்டும் யாருட்டயும் சொல்லமாட்ட.

— என்ன பேசுனிய? அத நான் கேக்கவே இல்ல. அத்த எப்பிடிச் சம்மதிச்சாவ?

— சம்மதிச்சாவ. அது போராதா?

— என்ன சொல்லிச் சம்மதிக்க வச்சிய?

— ஒனக்கு ரத்தம் கொறவுன்னு சொன்னேன். மீன் திங்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு.

— எந்த டாக்டர்?

— ஏதோ ஒரு டாக்டர்.

— நான் எந்த டாக்டரையும் பாக்கல்லியே.

— ஒரு பேச்சுக்குச் சொன்னதுட்டீ. மருந்துன்னா அம்ம மறுத்துப் பேசமாட்டா.

— ரத்தம் ஏறுனதும்?

— ஏறுனதும் என்ன?

— ரத்தம் ஏறுனதும் நிறுத்திருவான்னு சொன்னியளா இல்லியா? மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க.

— சொன்னேன். அம்ம கேட்டா. என்னத்தச் சொல்ல?

— அதான் அத்த தெனமும் பீட்ரூட் சீவி எலையில வைக்காவ. நேத்து அவியளே உருட்டித் தந்தாவ. நான் பாசம்னு நெனச்சேன்.

— அது பாசந்தான்.

— பாசந்தான். எனக்கில்ல, எனக்க வியாதிக்கு. நாளைக்கு நான் நல்லாருக்கேன்னு தெரிஞ்சா அவிய மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்க?

— உள்ளதச் சொல்லணும்னா தங்கச்சி, ரெண்டு பக்கமும் இடி வாங்குகவன் இப்பிடித்தான் எதையாவது சொல்லி ஓட்டுவான். நானும் ஓட்டுனவந்தான்.

— எங்கப்பா கிளீட்டசு ஓட்டமாட்டாரு அண்ணாச்சி. பேசமாட்டேன்னா பேசமாட்டாரு. அது கெட்டது. இது அதவிடக் கெட்டது. அங்க கதவு அடைச்சிருக்குன்னாவது தெரியும்.

— செரி, இப்பம் நான் என்ன செய்யணும்? சொல்லு. செய்யுகேன்.

— போன எடுங்க. அத்தைட்ட சொல்லுங்க. அவளுக்கு வியாதி ஒண்ணும் இல்ல, அவ மீன் தின்னு வளந்தவ, நானும் அவகூட இருந்து திம்பேன், அடுக்களைல ஏத்தமாட்டோம்னு. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்த வேண்டாம்.

— ஞாயித்துக்கெழம?

— வேண்டாம். ஞாயித்துக்கெழமைய நான் விட்டுட்டேன். பூச முடிஞ்சு வந்து ஒங்க எல்லாருக்கூடயும் சாம்பாரு ஊத்தித் திங்கேன். நான் ஒண்ண விட்டாச்சு. நீங்க ஒண்ண விடுங்க.

— இப்பமேவா? வீட்டுக்குப் போயி, அம்மைய உக்கார வச்சு...

— இப்பம். ரெண்டு அடுப்பும் மேசையில இருக்கு. நீங்க பேசி முடிங்க, எத எடுக்கணும்னு நான் சொல்லுகேன்.

— நீ இப்பிடி மூஞ்சிக்கு நேர நின்னா எனக்குப் பேச்சு வராது. செரி, செரி, பேசுகேன். அலோ. அம்மா. ஆமா, கடையிலதான் நிக்கோம். அங்க மழயா? துணியெல்லாம் எடுத்தாச்சா? அம்மா, ஒரு காரியம் சொல்லணும். இல்ல, பயப்படாண்டாம், அவ நல்லாத்தான் இருக்கா. பக்கத்துலதான் நிக்கா. ஆமா, மொகம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கு. பீட்ரூட்டா? வாங்கிட்டு வாறேன். அடுப்பு பாத்துட்டு இருக்கோம். இல்ல இல்ல, பெருசு ஒண்ணும் எடுக்கல்ல, சின்னதுதான். ஒராளுக்குள்ளது. நானா? நான் எதுக்கும்மா திங்கேன்? அழாதீங்கம்மா. இல்லம்மா. செரி, வைக்கேன்.

— பேசியாச்சா?

— பெபி, அங்க மழ. அம்ம தனியா இருக்கா. குரலே செரியில்ல. இந்நேரம் போயி அதச் சொன்னா என்ன ஆவும்? வீட்டுக்குப் போயிச் சொல்லுகேன். சத்தியமா. பைய எடுத்துச் சொல்லுகேன்.

— அண்ணாச்சி, நீங்களும் கேட்டிய. சின்னதப் பொதியுங்க.

— கோவத்துல எடுக்காதிய தங்கச்சி. அது தோவாளைக் காத்துக்கு நிக்காது. மூணு தடவ பத்த வச்சிட்டு நாலாவது தடவ தூக்கி எறிவிய.

— கோவமில்ல அண்ணாச்சி. கோவம் வந்தா நல்லாருக்கும். பொதியுங்க.

— அவ சொன்னா கேக்கமாட்டா. பொதிஞ்சிருங்க அண்ணாச்சி. நான் நேர மார்க்கெட்டுக்குப் போவணும், பைக்குல பூக்கூட வேற இருக்கு. வீட்டுக்கு அனுப்பி வைக்க முடியுமா?

— அனுப்பலாம். கிழக்க வள்ளியூரு வர போவும், மேக்க களியக்காவிள வர போவும் நம்ம வண்டி. அட்ரஸ் சொல்லுங்க தம்பி.

— எழுதுங்க. சுயம்புராஜ். தோவாளை...

— தோவாளைக்கு இல்ல அண்ணாச்சி. பேரு பெபிஷா. கொளச்சல், யேசுரத்தினம் வீட்டு மாடி, வெளியில படிக்கட்டு உள்ள ஒத்த அறை. சாவி நேத்தே வாங்கிட்டேன். இன்னைக்குத் திருப்பிக் குடுத்துரலாம்னுதான் பையில போட்டுக் கொண்டு வந்தேன்.